நைட்ரேட் கண்டுபிடித்த கட்டைவிரல்

வாலாஜாபாத் பக்கத்துக் கிராமம் ஒன்றை விட்டுக் காஞ்சிபுரம் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். வலது கட்டைவிரல் பேண்ட் பைக்குள் இருந்தது. வெளியே எடுக்க வெட்கம். ஓர் ஊரின் தண்ணீரையே கெட்டது என்று சொல்லிவிட்டு வந்த விரல் அது.

அந்த ஊரில் குடிநீரை ஊர்ப் பெண்களே பரிசோதிக்க ஒரு குழு அமைத்திருந்தார்கள். பரிசோதனைப் பெட்டியைச் சுமந்து போய்ச் செய்முறை காட்டுவது என் வேலை. (ஒன்பதாம் வகுப்பில் பாதியில் நின்றவனுக்கு இரண்டு நாள் பயிற்சி. மூன்றாம் நாள் விஞ்ஞானி.) ஒழுங்காகச் செய்தால் பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த அறையில் தங்கிக்கொள்ளலாம் என்றார்கள். ஜன்னல் வைத்த அறை. அதுவரை பஸ் நிலையத்திலும் சாயப்பட்டறைத் தரையிலும் படுத்தவன், அன்றே சுவரில் ஆணி அடித்து என் இன்னொரு சட்டையை மாட்டிவிட்டேன். குழுத் தலைவி மேரியக்கா, “சாப்ட்டியா தம்பி?” என்று கேட்டுத் தட்டை நீட்டினார். என்னை யாரும் அப்படிக் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

மறுநாள் தெருக்குழாய்த் தண்ணீரைக் குப்பியில் பிடித்து மருந்துப்பொடி போட்டேன். மூடியைக் காணோம். கட்டைவிரலால் அடைத்துக் குலுக்கினேன். தண்ணீர் ரோஜா நிறமானது. பயிற்சியில் நைட்ரேட்டுக்குச் சொன்ன அதே நிறம்.

“நைட்ரேட்!” என்று கத்தினேன். “கைக்கொழந்தைக்கு ஆகாது. யாரும் குடிக்காதீங்க!”

மேரியக்காவின் பேரனுக்கு நான்கு மாதம். அவர் முகம் வெளுத்துவிட்டது. மூன்று நாள் ஊரே வயல் தாண்டி, பம்புசெட்டிலிருந்து குடம் சுமந்தது. நான் குழாயில் சிவப்புத் துணி கட்டிக் காவல் நின்றேன் (யாரும் கேட்கவில்லை).

நான்காம் நாள் மேரியக்கா தானே செய்து பார்த்தார். மூடி பெட்டியின் அடியிலேயே கிடந்தது. தண்ணீர் நிறம் மாறவில்லை. மறுபடி செய்தார். அப்போதும் மாறவில்லை.

“தம்பி, கையக் காட்டு.”

நகக்கண்ணில் அரக்குச் சிவப்பு. முந்தின வாரம் வரை பட்டுநூலுக்குச் சாயம் தோய்த்த கை.

“அடப்பாவி! கொடம் தூக்கினு மூணு நாளா அலையறோம். தண்ணியில இருக்குதுன்னியே, உன் நகத்துல இல்ல இருக்குது!”

இடுப்பைப் பிடித்தபடி இன்னொருத்தி சொன்னாள்: “விஞ்ஞானி சாரு, அந்த வெரல என் பொடவையில தோச்சுக் குடுப்பா. கலர் மங்கிப்போச்சு.”

சிரித்தார்கள். சிரித்துவிட்டுச் சோறும் போட்டார்கள். அதுதான் தாங்கவில்லை. (பெட்டியைத் தொடுமுன் “கையக் காட்டு” என்பது அங்கே இன்றும் வழக்கமாம். பஸ்ஸில் பார்த்த ஒரு பெண் சொன்னார்.)

பெட்டியை மேரியக்கா திருப்பித் தரவில்லை. “இனிமே நாங்களே பாத்துக்கறோம். சாயம் போனப்புறம் வாப்பா. ரூம்பு எங்க ஓடிடப் போவுது?”

சட்டையை ஆணியிலேயே விட்டு வந்தேன். வழியில் தண்ணீர் கண்ட இடத்திலெல்லாம் மண் போட்டு விரலைத் தேய்த்தேன். கொஞ்சம் வெளுத்தது.

மறுநாள் காலை, காஞ்சிபுரத்தில் கிடைத்த ஒரே வேலையில் சேர்ந்தேன். முதலாளி கொதிக்கும் அண்டாவையும் பட்டுநூல் கட்டுகளையும் காட்டினார்.

“அரக்கு. நல்லா முக்கி எடுப்பா.”

முக்கினேன்.