சாவிப் பங்காளி

சாவி வைத்திருப்பவர்கள் உலகத்தில் ஏராளம். வீட்டுச் சாவி, வண்டிச் சாவி, பீரோச் சாவி என்று ஆளுக்கொரு கொத்து வைத்துக்கொண்டு, அதைத் தேடுவதிலேயே பாதி ஆயுளைக் கழிக்கிறோம். நம்மைப் போன்றவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நான் சொல்ல வந்த இனம் வேறு. முழுச் சாவி வைத்திருப்பவர் அடக்கமாகத்தான் இருப்பார். ஐந்தில் ஒரு பங்கு சாவி வைத்திருக்கிறாரே, அவரை உங்களுக்குத் தெரியுமா? தெரியாமல் இருக்காது. அவரே சொல்லியிருப்பார்.

சாவியை எப்படி ஐயா பங்கு போடுவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

ஒரு கம்பெனி. பரிசோதனைக்கூடத்தில் எடுக்கும் ரத்தப் பரிசோதனை முடிவுகளை டாக்டரின் கம்ப்யூட்டருக்குக் கொண்டுசேர்க்கும் மென்பொருள் அதன் சரக்கு. ஒவ்வொரு முடிவின் அடியிலும் அந்த மென்பொருள் ஒரு கையெழுத்து போடும். மையில் அல்ல, எண்களில். 'இது எங்களிடமிருந்து வந்தது, வழியில் யாரும் கைவைக்கவில்லை' என்று அதற்குப் பொருள். அந்தக் கையெழுத்து உண்மையானது என்பதற்கு ஒரு சான்றிதழ் உண்டு. பால் பாக்கெட்டைப் போல அதற்கும் காலாவதித் தேதி உண்டு. தேதி முடிவதற்குள் புதுச் சான்றிதழ் வழங்க வேண்டும். அதை வழங்கும் அதிகாரம் ஒரே ஒரு தாய்ச்சாவிக்குத்தான். அதுவும் இரும்பில் செய்த சாவி அல்ல, முழ நீள எண். வெளியுலகத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், பூட்டிய அறையில், ஒரு பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருக்கிறது. அந்தப் பெட்டியைத் திறக்கும் ரகசியத்தைத்தான் ஐந்து அட்டைகளாகப் பிரித்து ஐந்து பேரிடம் கொடுத்திருந்தார்கள். மூன்று பேர் வந்து அட்டையைச் செருகி, அவரவர் பின் நம்பரை அழுத்தினால் பெட்டி திறக்கும். ஒருவர் கெட்டவராக இருந்தாலும் தனியாக ஒன்றும் செய்ய முடியாது. இருவர் படுத்துக்கொண்டாலும் வேலை நிற்காது.

அருமையான ஏற்பாடு. அதில் ஒரே ஒரு ஓட்டை. ஐந்து பேரும் மனிதர்கள்.

நம் ஆள் அந்தக் கம்பெனியின் கொள்முதல் மேலாளர். நாற்காலி, பிரிண்டர் மை, கழிப்பறைக் காகிதம் எல்லாம் அவர் கையெழுத்தில்தான் உள்ளே வரும். தாய்ச்சாவிக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? ஒரு சம்பந்தமும் இல்லை. பங்கு பிரித்த அன்றைக்கு ஐந்தாவது ஆளுக்குப் பல்வலி வந்துவிட்டது. முதலாளி தாழ்வாரத்தில் எட்டிப் பார்த்தார். நம் ஆள் ஒரு மாதிரி நாற்காலியைச் சுழற்றிப் பார்த்துக்கொண்டு நின்றார். "சார், ஒரு நிமிஷம் உள்ள வாங்களேன்" என்றார் முதலாளி. அவ்வளவுதான். பதவி என்பது பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது.

கணக்குப் பிரிவில் ஒரு குறும்புக்காரர் இந்த ஐவருக்கும் 'பங்காளிகள்' என்று பெயர் வைத்தார். மற்ற நால்வரும் சிரித்துவிட்டுப் போனார்கள். நம் ஆள் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அவர் குரல் ஒரு படி இறங்கிவிட்டது. சாதாரணமாக "டீ சாப்பிடலாமா" என்று கேட்பதைக்கூட சுவருக்குக் காது இருப்பதுபோல் கேட்பார். இன்னொரு பங்காளி ஏறிய லிஃப்டில் ஏற மாட்டார். "கயிறு அறுந்தா ஒரே நேரத்துல ரெண்டு பங்கு போயிடும்" என்று மூச்சிரைக்க மாடிப்படி ஏறுவார். மச்சினியின் கல்யாண வரவேற்பில் குடும்பமே போட்டோவுக்கு நின்றபோது ஓரமாக ஒதுங்கி, "என் முகம் வெளிய வர்றது நல்லதில்ல. காரணம் கேக்காதீங்க" என்றார். யாரும் கேட்கவில்லை. மாமனார் மட்டும், "மாப்பிள்ளை ஏதாவது வம்புல மாட்டிக்கிட்டாரா?" என்று மகளைத் தனியே கூப்பிட்டு விசாரித்தார்.

வீட்டில் அந்த அட்டைக்கு நிரந்தர முகவரி கிடையாது. சுவர்க் கடிகாரத்தின் பின்னால் கொஞ்ச நாள், சமையலறை மேல்தட்டில் கொஞ்ச நாள், யாரும் போடாத மழைக்கோட்டில் கொஞ்ச நாள். பெண்டாட்டி பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாது என்று எல்லோரும் குளிக்கவும் கடைக்கும் போகிற நேரம் பார்த்து இடம் மாற்றுவார்.

"ஏங்க, உங்க ரகசியம் கோட்டுப் பாக்கெட்டுல இருக்கு. எடுத்தீங்கன்னா கோட்டைத் துவைக்கலாம்" என்பாள் மனைவி.

இடம் மாறும்போதெல்லாம் பின் நம்பரையும் மாற்றுவார். மாற்றச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அதற்கென்று ஒரு சின்னக் கருவியையும், கொள்முதல் மேலாளர் அல்லவா, அவரே கொள்முதல் செய்திருந்தார். பிறந்த நாள், கல்யாண நாள், வண்டி நம்பர் எதுவும் ஆகாது. திருடன் யூகித்துவிடுவான். தன்னாலேயே யூகிக்க முடியாத எண்ணாக இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. கொள்கையில் அவர் வென்றுவிட்டார்.

அந்த வருடம் சான்றிதழ் ஒரு வெள்ளிக்கிழமையோடு முடிய இருந்தது. பாதுகாப்புப் பொறியாளர், ஒரு பெண்மணி, சிடுசிடுக்கத் தெரியாதவர், மூன்று மாதமாகவே ஐந்து பேருக்கும் மெயில் அனுப்பிக்கொண்டிருந்தார். ஐவரில் ஒருவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அவர் பங்கை வேறொருவருக்கு மாற்றித் தர மூன்று பங்காளிகள் ஒரே அறையில் கூட வேண்டும். அது ஆபத்து என்று நம் ஆள் மறுத்திருந்தார். இன்னொருவரின் அட்டை பேன்ட் பாக்கெட்டோடு வாஷிங் மெஷினில் சுற்றி இரண்டாகியிருந்தது. மிச்சம் மூன்று. சட்ட ஆலோசகர், கணக்குப் பிரிவு அதிகாரியம்மா, நம் ஆள். மூன்று பேர் போதும். மூன்றே பேர்தான் இருந்தார்கள்.

புதன்கிழமை காலை அறையைத் திறந்தார்கள். நம் ஆள் கோட்டு சூட்டில் வந்திருந்தார்.

"சீக்கிரம் முடிங்கம்மா, எனக்கு கோர்ட்டுக்குப் போகணும்" என்று சட்ட ஆலோசகர் அட்டையைச் செருகி எண்களை அழுத்தினார். பச்சை விளக்கு. அதிகாரியம்மா கைப்பையைத் துழாவி, பஸ் பாஸுக்கும் தலைவலி மாத்திரைக்கும் நடுவிலிருந்து அட்டையை எடுத்தார். பச்சை விளக்கு. இவ்வளவு பெரிய ரகசியத்தை இத்தனை அலட்சியமாகக் கையாளுகிறார்களே என்று நம் ஆளுக்கு மனசு வலித்தது.

"எல்லாரும் சுவரைப் பாத்துத் திரும்பிக்கோங்க" என்றார்.

திரும்பிக்கொண்டார்கள். அவர் அழுத்தினார். சிவப்பு.

"மெஷின்ல தூசி" என்று ஊதிவிட்டு மறுபடி அழுத்தினார். சிவப்பு. கீழே திரையில் ஒரு வரி வந்தது: 'இன்னும் ஒரு முயற்சி மட்டுமே.'

நம் ஆளின் தலைக்குள் எண்கள் இல்லாமல் இல்லை, ஏகப்பட்டவை இருந்தன. கடிகார காலத்து எண், மேல்தட்டு காலத்து எண், கோட்டு காலத்து எண் எல்லாம் கல்யாணப் பந்தியில் இடம் பிடிப்பதுபோல் முட்டிமோதிக்கொண்டு நின்றன. 'மறந்துவிட்டேன்' என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. வந்து, திரும்பிப் போய்விட்டது.

"நடைமுறை சரியில்ல" என்றார் கம்பீரமாக. "சாட்சி எங்க? சாட்சி இல்லாம நான் பெட்டியைத் திறக்க மாட்டேன்."

நம்பினார்கள்! அதுதான் விசேஷம். இத்தனை வருடமாக இன்னொரு பங்காளியோடு லிஃப்டில் ஏறாத மனிதர் சாட்சி கேட்டால் யாருக்குச் சந்தேகம் வரும்? சட்ட ஆலோசகர்கூட, "அவர் சொல்றதுல பாயிண்ட் இருக்கு" என்று சொல்லிவிட்டு கோர்ட்டுக்கு ஓடினார்.

பொறியாளர் மட்டும் தாழ்வாரத்தில் பின்னாலேயே வந்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"சார், பின் நம்பர் மறந்துடுச்சா?"

"மறக்கறதா? நானா?"

"மறந்திருந்தா பரவாயில்ல சார், எல்லாருக்கும் நடக்கறதுதான். இப்பவே சொல்லிட்டீங்கன்னா புதுசா ஒரு தாய்ச்சாவி உருவாக்கி, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா ஆள் அனுப்பிப் போட்டுடலாம். ரெண்டு நாள் கையில இருக்கு. வெள்ளிக்கிழமை சொன்னீங்கன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"ஒரு பங்காளிகிட்ட கேக்கற கேள்வியாம்மா இது?"

பொறியாளர் தன் இருக்கைக்குத் திரும்பினார்.

வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. விரலுக்கு ஞாபகம் இருக்கும் என்று எங்கோ படித்திருந்தார். மைக்ரோவேவ் அடுப்பின் முன்னால் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, அதன் எண்களை அழுத்த ஆரம்பித்தார். ஒவ்வொரு தடவையும் விரல் ஒவ்வொரு பக்கம் போனது. காலி அடுப்பு உள்ளே விளக்கைப் போட்டுக்கொண்டு சுற்றியது.

"அப்பா, உள்ள ஒண்ணுமே வைக்கலியே" என்றாள் மகள்.

மனைவி அடுப்பை அணைத்தாள். "மறந்துட்டேன்னு சொல்லிட்டா என்னங்க ஆகும்? தலையவா வாங்கிடுவாங்க?"

"உனக்குப் புரியாது. இத்தனை வருஷமா என்னை எப்படிப் பாத்தவங்க. நாளைக்கு எந்த முகத்தை வெச்சுக்கிட்டு..."

"இதே முகத்தைத்தான். வேற எது இருக்கு?"

மறுநாள் சாட்சியை ஏற்பாடு செய்தார்கள். சாட்சி உட்கார்ந்த இடம் சரியில்லை என்றார். இடத்தை மாற்றினார்கள். அறையில் வெளிச்சம் அதிகம் என்றார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொல்வதற்கு வேறு எதுவும் மிச்சமில்லாமல், கண்ணை இறுக மூடிக்கொண்டு, கடைசி முயற்சியை அழுத்தினார்.

சிவப்பு. அட்டை நிரந்தரமாகப் பூட்டிக்கொண்டது.

"அட்டை மட்டமான சரக்கு" என்றார்.

"வாங்கிக் கொடுத்தது நீங்கதான் சார்" என்றார் பொறியாளர். குரலில் கோபமே இல்லை. அதைத்தான் நம் ஆளால் தாங்க முடியவில்லை.

சனிக்கிழமை காலை, அந்த மென்பொருளை நம்பியிருந்த ஒவ்வொரு டாக்டரின் திரையிலும் சிவப்புக் கட்டத்துக்குள் ஒரே வாசகம்: 'இந்த அறிக்கையை நம்ப வேண்டாம்.' கம்பெனியில் இருந்த அத்தனை பேர் கையிலும் ஒரு பென் டிரைவைக் கொடுத்து ஆளுக்கொரு திசையில் அனுப்பினார்கள். பொறியாளர் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து உருவாக்கிய புதுத் தாய்ச்சாவியின் சான்றிதழ் அதற்குள் இருந்தது. நம் ஆளுக்கு ஊர்க்கோடியில் ஒரு சிறிய மருத்துவமனை கிடைத்தது.

அங்கே பெஞ்சில் ஒரு வயதான அம்மாள் சுருண்டு படுத்திருந்தார். உதடு காய்ந்து வெடித்திருந்தது. பக்கத்தில் கிரீஸ் படிந்த சட்டையோடு ஒரு மெக்கானிக், அந்த அம்மாளின் மருமகன், நர்ஸிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"ரத்தம் எடுத்து எவ்வளவு நேரமாச்சு சிஸ்டர். ரிசல்ட் வந்துடுச்சுங்கறீங்க, ஊசி போட மாட்டேங்கறீங்க."

"வந்திருக்கு. ஆனா நம்பாதேன்னு திரையில சொல்லுது. டாக்டர் எதை நம்பி ஊசி போடுவாரு? லேபுக்கு ஆள் போயிருக்கு, கையால எழுதி வாங்கிட்டு வர."

"இன்னும் எவ்வளவு நேரம் மாப்பிள்ளை?" என்று முனகினார் அந்த அம்மாள்.

நம் ஆள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். பொறியாளர் சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொன்றாக அழுத்தினார். புதுச் சான்றிதழ் ஏறியது. சிவப்புக் கட்டம் மறைந்தது. டாக்டர் பார்த்தார், தலையசைத்தார், நர்ஸ் ஊசியோடு ஓடினார்.

மெக்கானிக் வெளியே வந்து பெருமூச்சு விட்டார். "நல்ல நேரத்துல வந்தீங்க சார். யாரு பண்ண வேலைங்க இது?"

அந்த அம்மாளின் முனகல் இன்னும் காதில் இருந்தது. சுற்றிலும் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. ஒருவேளை அதனாலும் இருக்கலாம், மூன்று நாளாகத் தொண்டையில் நின்ற வார்த்தை தானாக வெளியே வந்தது.

"என்னாலதாங்க. ஒரு நம்பரை மறந்துட்டேன். மறந்ததைச் சொல்லாமலும் இருந்துட்டேன். மன்னிச்சிடுங்க."

சொன்னதும் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. கண் கலங்கியது. நிஜமாகவே கலங்கியது, பழி போட வேண்டாம்.

மெக்கானிக் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க ஒரு ஆள் மறந்ததுக்கா இத்தனை ஆஸ்பத்திரி நின்னுச்சு?"

"ஆமாங்க."

"அப்படின்னா நீங்க ரொம்பப் பெரிய ஆளா இருப்பீங்க போலிருக்கே சார்!"

நம் ஆளின் முதுகு, மெதுவாக, ஒவ்வொரு எலும்பாக நிமிர்ந்தது.

"அதை நானே எப்படிங்க சொல்றது" என்றார், குரலைத் தாழ்த்திக்கொண்டு.

புதுத் தாய்ச்சாவிக்குப் புதிதாக ஐந்து பங்காளிகளைப் போட்டார்கள். நம் ஆளைக் கூப்பிடவில்லை. அன்றைக்கு அவர் தாழ்வாரத்தில் வேலை இல்லாமலே நாலு தடவை நடந்தார், யாராவது எட்டிப் பார்ப்பார்கள் என்று. யாருக்கும் பல்வலி வரவில்லை. கொஞ்ச நாள் வாட்டமாகத்தான் இருந்தார். இப்போது தேறிவிட்டார். விருந்து, விசேஷம், ரயில் பயணம் எங்கே பார்த்தாலும் நாலு பேர் கூடினால் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிக்கிறார்: "ஒரு தடவை நான் ஒருத்தன் மறந்துட்டேன். அவ்வளவுதான். ஊர்ல ஒரு ஆஸ்பத்திரி நகரலை." கேட்பவர்கள் வாயைப் பிளக்கிறார்கள். ஒரு பங்கை வைத்திருந்தபோதுகூட அவருக்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். வீட்டு வைஃபை கடவுச்சொல், குடும்பத்தின் பாங்கு லாக்கர் எண், அடுக்குமாடி மோட்டார் அறைப் பூட்டின் எண், இதில் ஏதாவது ஒன்று உங்களுக்கு மட்டுமே தெரியும் அல்லவா? 'நான் இல்லாவிட்டால் இங்கே ஒன்றும் நடக்காது' என்று இந்த மாதத்தில் ஒருமுறையாவது சொல்லியிருப்பீர்கள் அல்லவா? நல்லது. என்னிடம் சொல்ல வேண்டாம், மனசுக்குள் மட்டும், இப்போது, ஒரு தடவை அந்த எண்ணைச் சொல்லிப் பாருங்கள்.

அவசரமில்லை. யோசித்தே சொல்லுங்கள்.