ஏணிப் பரணின் வலப்பக்க இருக்கை

வடக்கு விஸ்கான்சின்,
நன்றித் திருநாளுக்கு மறுநாள்.

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் திரு. டுவெய்ன் ஹால்வர்சன் அவர்களுக்கு, தங்கள் அக்காளைக் கட்டிய பாவி எல்ராய் வீச்சோரெக் பணிவுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் யாவரும் நலம். தங்கள் அக்காள் மார்லிஸ் நலமோ நலம். இவ்வளவு பூரிப்பாக அவளைக் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை. என் முழங்கால் மட்டும் பழையபடி. அவ்விடம் அரிசோனா வெயிலும், தங்களோடு பழகிவரும் விதவை அம்மையார் லோர்னாவும், தங்கள் நடனக் காலணிகளும் சௌக்கியமாக இருக்க எல்லாம் வல்லவனை வேண்டுகிறேன். நவம்பரில் அரைக்கால் சட்டையோடு திரிவதாகச் சொன்னீர்கள். திரியுங்கள். இங்கே குழாயில் தண்ணீர் உறைந்து, பல் துலக்கப் பனிக்கட்டியைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறோம்.

நிற்க. வெயிலில் தங்களுக்கு மறந்திருக்கக்கூடும் என்பதால் நம் காட்டு வழக்கம் ஒன்றை முதலில் நினைவூட்டுகிறேன். மரத்தில் சாய்த்துப் புதிதாக நிறுத்திய வேட்டைப் பரணில் இருந்து முதல் மானை யார் வீழ்த்துகிறாரோ, அந்தப் பரணுக்கு அவர் பெயர். பலகையில் சூட்டுக்கோலால் எழுதி ஏணியின் அடிப்படியில் கட்டிவிட்டால் பிறகு அழைப்பில்லாமல் அதில் வேறொருவன் ஏறக்கூடாது. அடுத்தவன் கட்டிலில் போய்ப் படுத்தாலும் மன்னிப்பார்கள், அடுத்தவன் பரணில் உட்கார்ந்தால் மன்னிக்கமாட்டார்கள். என் நாற்பது ஏக்கரில் ஓடையோரம் இருப்பது டுவெய்ன் பரண். பைன் மரத்தடியில் வெர்ஜில் பரண். ஒரே ஒரு காலைப்பொழுது வந்து உட்கார்ந்துவிட்டுப் போன பாதிரியாருக்கு ஒரு பரண். சமையல் எரிவாயு கொண்டுவந்து இறக்குகிற ஆளுக்கும் ஒன்று. நிலம் என்னுடையது, வரி கட்டுவது நான், என் பெயரில் ஒரு பலகை கிடையாது. ஏனென்றால் நல்ல இடத்தை வந்தவனுக்குக் கொடுத்துவிட்டுப் புதரில் இறங்கி மானை விரட்டிவிடுகிற வேலையை நான் எடுத்துக்கொள்வேன். முழங்கால் அறுவைக்கு மருத்துவர் நாள் குறிப்பதற்குள் ஒரு பரண், ஒரே ஒரு பரண், என் பெயரில் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இது பேராசையா, நீங்களே சொல்லுங்கள்.

ஏணிப் பரண் வாங்குவோம் என்று முடிவானதும் நான் போய் நின்றது ஒற்றை இருக்கைப் பரண் முன்னால். கடையிலிருந்தே உமக்குப் போன் போட்டேன், அதுதான் நான் செய்த முதல் முட்டாள்தனம்.

"ஒத்தை வாங்கிடாத மச்சான், ரெட்டை வாங்கு. உனக்கு முழங்கால், எனக்கு இடுப்பு. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்தா ஒரு முழு மனுஷன் தேறுவான்" என்றீர்.

"இருபது அடி உசரத்துல ஒண்ணு இருக்குப்பா" என்றேன்.

"பதினாறு போதும். இருபதுல ஏறினா ஆம்புலன்ஸ்லதான் இறங்குவோம். படி அகலமா இருக்கான்னு பாரு. முன்னாடி துப்பாக்கி சாய்க்கக் கம்பி இருக்கான்னு பாரு. உட்கார்ந்து பாரு, கிறீச்சுன்னு சத்தம் போட்டா வேண்டாம், உன் முழங்கால் போடுற சத்தமே போதும்."

கேட்டேன் ஐயா, எல்லாம் கேட்டேன். கடை நடுவில் தரையில் கிடந்த இருக்கையில் நான் உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து எழுந்து பார்த்ததை ஊரில் பாதிப்பேர் பார்த்தார்கள். மரம் எது என்பதற்கும் உம்மிடமே ஓடி வந்தேன். சதுப்பு ஓரத்து ஆஷ் மரம் எனக்குப் பிடித்திருந்தது. வண்டு அரித்துப் பட்டை உரிந்து போன மரத்தில் சாய்ந்தால் மரமும் நீயும் ஒன்றாகக் கீழே வருவீர்கள் என்று திட்டினீர். நேராக, உயிரோடு, நம் இடுப்பை விடப் பருமனாக ஒரு மரம் பார் என்றீர். நம் இடுப்பை விடப் பருமனான மரம் இந்த வட்டாரத்திலேயே இல்லை. கடைசியில் மேட்டுச் சரிவில் ஒரு ஓக் மரத்தோடு சமாதானம் ஆனோம்.

நிறுத்தக் குறைந்தது மூன்று பேர் வேண்டும். நான், மார்லிஸ், பக்கத்து நிலத்து வெர்ஜில். அவனுக்கோ வைக்கோல் வண்டியில் ஏறினாலே தலை சுற்றும். பெட்டியில் வந்த குறிப்பைப் படம் பிடித்து உமக்கு அனுப்பினால், "படமெல்லாம் எதுக்கு, வாயால வாசி மச்சான், நான் கேட்டுச் சொல்றேன்" என்று துரை மாதிரி உத்தரவு. பனித்தூறலில் நின்று பாடப்புத்தகம் போல வாசித்தேன். துண்டுகளைத் தரையிலேயே பூட்டி, மார்லிஸ் அடியை மிதித்துக்கொள்ள, நானும் வெர்ஜிலும் தூக்கிக்கொண்டே நடந்தோம். முதல் தடவை அது வெர்ஜிலின் தொப்பி மேல் சாய்ந்தது, தலை அதற்குள் இருந்தது. இரண்டாம் தடவை கம்பீரமாக நின்றது, அண்ணாந்து பார்த்தால் மேல்துண்டைத் திருப்பிப் பூட்டியிருக்கிறோம், இருக்கை மரத்தைப் பார்த்து இருக்கிறது. உட்கார்ந்தால் ஓக் பட்டையைத்தான் சுடலாம். வெர்ஜில் சிரித்தான். மார்லிஸ் சிரித்தாள். போனில் நீ சிரித்தாய். ஆமாம், இனிமேல் 'நீ'தான். மரியாதை கொடுத்துக் கொடுத்து எனக்குக் கை வலிக்கிறது.

மறுபடி கழற்றி, பூட்டி, நிறுத்தி, கீழே நின்றபடியே கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக மரத்தோடு கட்டி, ஏணியின் நடுத்தண்டை அடிமரத்தில் இறுக்கி, நான் விழாமல் தாங்குகிற பாதுகாப்புப் பட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறி மேல்பட்டையை இழுத்துப் பூட்டினேன். அதற்கப்புறம் செய்தேன் பார், அதுதான் என் தலையில் நானே அள்ளிப் போட்டுக்கொண்ட மண். நான் வலக்கைக்காரன். உட்கார்ந்த இடத்திலிருந்து எனக்கு இடப்பக்கம்தான் துப்பாக்கி சுழலும், வலப்பக்கம் திரும்பவே திரும்பாது. உங்கள் ஹால்வர்சன் வம்சம் மொத்தமும் இடக்கை, உங்களுக்கு நேர்மாறு. பரணைச் சற்று வலப்புறம் திருப்பி வைத்திருந்தால் மேட்டுத் தடம், சதுப்புத் தடம் இரண்டுமே என் கைக்குள். நான் என்ன செய்தேன்? மேட்டுத் தடத்தை எனக்கு இடப்புறம் வைத்துக்கொண்டு, மான் அதிகம் நடமாடுகிற சதுப்புத் தடம் வலப்பக்க இருக்கைக்கு வாகாக விழும்படி திருப்பினேன். வலப்பக்க இருக்கை உனக்கு.

வெர்ஜில் சொன்னான், "ஏம்ப்பா எல்ராய், கிறுக்கா உனக்கு? இப்படி வெச்சா அந்தப் பக்கம் உனக்கு வரவே வராதே."

"டுவெய்னுக்கு வரும்" என்றேன்.

உன்னிடம் இதைப் போனில் சொன்னபோது மரத்தின் பருமனை மறுபடி ஒரு தடவை விசாரித்தாய். பிறகு, "வேண்டாம் மச்சான், உனக்கு வாகா வெச்சுக்கோ" என்றாய். ஆகா, என்ன பெருந்தன்மை என்று நெகிழ்ந்து போனேன். நெகிழ்ந்ததை நினைத்தால் இப்போது எரிகிறது.

திறப்பு நாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது போன் வருகிறது. இந்த வருஷம் வரமுடியவில்லை மச்சான், லோர்னாவோடு போல்கா நடன விழா. நடன விழா! மான் பருவத் திறப்பு வாரத்தில் இந்த மாநிலத்தில் எவனும் கல்யாணம் வைப்பதில்லை, செத்தவனையே வேட்டை முடிகிறவரை பெட்டியில் காக்க வைப்பார்கள். முப்பது வருஷமாக அந்தச் சனிக்கிழமை காலையில் ஒன்றாகக் காப்பி குடித்தவன், இடுப்பு சரியில்லை என்று இரட்டை இருக்கை வாங்கவைத்தவன், அதே இடுப்பை ஆட்டப் போகிறானாம். "சரிப்பா" என்று மட்டும் சொல்லி வைத்தேன். கோபம் இல்லை டுவெய்ன், அவமானம். என்னோடு உட்கார்வதை விட உனக்கு வேறு ஏதோ பெரிதாகப் போய்விட்டதே என்கிற அவமானம்.

அதற்கு மேல் உன் அக்காள்.

"முழங்காலை வெச்சுக்கிட்டு தனியா ஏற விடமாட்டேன். நான் வர்றேன்."

"நீ எதுக்கும்மா? குளிரும்."

"டுவெய்ன் வந்திருந்தா குளிராதா? நகருங்க."

அலமாரியில் நீ விட்டுப்போன இடக்கைத் துப்பாக்கியை எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டாள். உரிமம் எடுத்தாள். வேட்டைக்கான ஆரஞ்சு அங்கி மாட்டினாள். விடிவதற்கு முன்னால் அவள் அணில் மாதிரி ஏறிவிட்டாள், நான் பழைய குளிர்ப்பெட்டியை மாடிக்கு ஏற்றுவது மாதிரி என்னையே ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். பாதுகாப்புப் பட்டையை மரத்தில் கட்டிய கயிற்றில் மாட்டி, துப்பாக்கிகளைக் குண்டில்லாமல் கயிற்றில் கட்டி மேலே இழுத்து, உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்குள் அவள் காகிதத்தைப் பிரித்தாள். தொத்திறைச்சி சுற்றி வந்த காகிதம். அந்தச் சரசரப்பு பக்கத்து மாவட்டத்து மானுக்கெல்லாம் கேட்டிருக்கும்.

"மார்லிஸ், இங்க பேசக்கூடாது, தின்னக்கூடாது."

"அப்ப நீங்களும் டுவெய்னும் இத்தனை வருஷம் என்னதான் பண்ணீங்க?"

நானும் ஒரு துண்டு வாங்கிக்கொண்டேன். பேசினோம், தின்றோம், வேறென்ன.

வெளிச்சம் வந்தது. வந்தான் பெரியவன். பத்துக் கிளைக் கொம்பு, மூன்று வருஷமாக மரத்தில் கட்டிவைத்த கேமராவில் மட்டும் முகம் காட்டிக்கொண்டிருந்தவன், மூன்று வருஷமும் மேட்டுத் தடத்திலேயே வந்தவன், அன்றைக்கு என்று சதுப்புத் தடத்தில் வலப்புறமாக வந்தான். நான் திரும்பினேன். பட்டை கழுத்தை இறுக்கியது. இன்னும் திரும்பினேன். முழங்கால் சுள்ளி முறிகிற மாதிரி சத்தம் போட்டது. மான் தலையைத் தூக்கிற்று. உன் அக்காள் காதோரம் மெதுவாக, "மூச்சு விடாதீங்க" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து பழக்கம், விடவில்லை. ஒரே வெடி. மான் அங்கேயே விழுந்தது.

அன்று சாயங்காலம் மதுக்கடையில் வெர்ஜில் நாற்காலி மேல் ஏறி நின்று (அந்த உயரத்துக்கு மட்டும் தலை சுற்றவில்லை) அறிவித்தான். எல்லாரும் பிராந்திக் கோப்பையைத் தூக்கினார்கள். அங்கேயே பலகை எழுதியாயிற்று: மார்லிஸ் பரண்.

வெட்கத்தை விட்டுக் கேட்டேன், "ரெண்டு இருக்கை இருக்கே, என் பேரையும் ஓரமா போடலாமே?"

"நீங்க என்ன செஞ்சீங்க?" என்றாள் உன் அக்காள்.

"மூச்சு விடாம இருந்தேன்."

கடை கொல்லென்று சிரித்தது. அடுத்த வருஷம் இடப்பக்க இருக்கைக்கு உங்கள் பெரிய அக்காளை அழைத்திருக்கிறாளாம். ஆக நான் தேர்ந்து, நான் வாங்கி, நான் நிறுத்திய பரணில் எனக்கு உட்கார இடமில்லை. மான் தலை தொலைக்காட்சிக்கு மேலே தொங்கப் போகிறது. செய்தி பார்க்க உட்கார்ந்தால் அதுவும் என்னைப் பார்க்கும்.

எல்லாவற்றுக்கும் காரணம் நீ. நீ வந்திருந்தால் அந்த மானை நீ சுட்டிருப்பாய், இன்னொரு டுவெய்ன் பரண் என்று சிரித்துவிட்டு நான் போயிருப்பேன். நீ வரமாட்டாய் என்று முன்பே சொல்லியிருந்தால் எனக்கு வாகாகத் திருப்பி வைத்திருப்பேன். இரண்டும் இல்லை. எனவே தீர யோசித்து எழுதுகிறேன்: இனி நான் வேட்டைக்குப் போகப்போவதில்லை. ஓடையோரத்து உன் பரணின் பலகையை நாளையே அறுத்து அடுப்பில் வைக்கப் போகிறேன். நீ போன் செய்ய வேண்டாம், நானும் எடுக்கமாட்டேன். முப்பது வருஷத் தோழமை இந்தக் காகிதத்தோடு முடிந்தது.

லோர்னா அம்மையாருக்கு என் வணக்கம். தங்கள் காலணி தேயாமலும், இசை நிற்காமலும், இடுப்பு விலகாமலும், அவ்விடத்து எலுமிச்சை மரங்கள் எல்லாம் காய்த்துக் குலுங்கவும் இந்த ஒன்றுக்குமாகாதவன் ஆசி கூறி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
சொந்தக் காட்டில் ஒண்டக் கிளையில்லாத
எல்ராய் வீச்சோரெக்

பின்குறிப்பு: தபால்தலை மார்லிஸிடம் இருக்கிறது. கேட்டதும் கடிதத்தை வாங்கி, சமையலறை மேசையில் உட்கார்ந்து முழுக்கப் படித்தாள். ஒரு இடத்தில்கூடச் சிரிக்கவில்லை. "நடனமும் இல்லை, கிடனமும் இல்லை" என்றாள். "அவனுக்கு இடது கண்ணு ஜூலையிலேயே போயிடுச்சு. நடுவுல கறுப்பா இருக்காம். வலது கண்ணும் ஆரம்பிச்சிருக்கு. லோர்னாதான் கண்ணுல ஊசி போட வண்டியோட்டிக் கூட்டிட்டுப் போறா. துப்பாக்கியை எனக்கே குடுத்துட்டான். 'அந்த மனுஷன் பரணைக்கூட எனக்காகத் திருப்பி வெச்சிருக்காரு, நான் எப்படிக்கா சொல்லுவேன், நீ போய் வலப்பக்கம் உட்காரு'ன்னு அழுதான்" என்றாள். உன்னிடம் சத்தியம் செய்து கொடுத்ததால் சொல்லவில்லையாம்.

டுவெய்ன், மேலே எழுதியது எதையும் எழுதியதாக வைத்துக்கொள்ளாதே. வேறு காகிதத்தில் எழுத உட்கார்ந்தேன், கை வரவில்லை, அதனால் இதையே அனுப்புகிறேன். லோர்னாவை விட்டு வாசிக்கச் சொல். நடனத்தைப் பற்றி எழுதியதற்கு அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

அடுத்த நவம்பர் நீ வருகிறாய். படி ஏற நான் பின்னால் இருந்து தாங்குகிறேன், என்னை வெர்ஜில் தாங்குவான். பரண் மார்லிஸுடையது, எனவே முறைப்படி அனுமதி கேட்டாயிற்று. பெரிய அக்காள் தன் வீட்டிலேயே இருக்கட்டும் என்று மார்லிஸ் சொல்லிவிட்டாள். வலப்பக்கம் உட்கார். துப்பாக்கி வேண்டாம். என்ன வருகிறது, எந்தப் பக்கம் வருகிறது என்று நான் காதில் சொல்கிறேன், இருமாமல் இருந்தால் போதும்.