கையுறை கழற்றாத சம்பந்திக்கு

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி ஓமிர்சாக் அவர்களுக்கு,

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இருந்தாலும் முறை என்று ஒன்று இருப்பதால், முதலில் உங்கள் குதிரைகள் நலமா, ஆடுகள் நலமா, மலைப்பாதையில் பனி விலகியதா, சம்பந்தியம்மா குல்யாஷ் அவர்களின் முழங்கால் வலி தேவலையா என்று விசாரித்துக்கொள்கிறேன். நாங்கள் இங்கே அல்மாத்தியில் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் நான் நலமா இல்லையா என்பது பக்கத்து அறையில் ஓர் இயந்திரத்துக்குள் இருக்கிறது. அது சொல்லும்வரை எனக்கு வேறு வேலை இல்லை, ஆகவே எழுதுகிறேன். தொலைபேசியில் கூப்பிடலாமே என்பீர்கள். கூப்பிட்டால் நீங்கள்தான் பேசுவீர்கள். மகள் கல்யாணம் முடிந்த நாளிலிருந்து உங்களிடம் ‘சரி சம்பந்தி’ என்பதைத் தவிர வேறு எந்த வாக்கியத்தையும் நான் முழுதாகச் சொல்லி முடித்ததாக நினைவில்லை. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. ஒளிந்துகொண்டு எழுதுகிறவன் அல்ல நான். இதன் கடைசியில் என் முழுப் பெயரையும் முனைவர் பட்டத்தையும் போட்டுக் கையெழுத்திடப் போகிறேன்.

கல்யாணத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லாம் அங்கேதான் தொடங்கியது. பெண்ணைப் பெற்றவன் நான். வாசலுக்கு எதிரே மரியாதை இடத்தில் என்னை உட்கார்த்தியிருக்க வேண்டும். அங்கே உங்கள் மாவட்டக் கால்நடைத் துறைத் தலைவர் உட்கார்ந்திருந்தார். என்னை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் உட்கார்த்தினீர்கள். மூன்று நாள் இடது காதில் அக்கார்டியன் ஒலித்துக்கொண்டே இருந்தது. தலையாய விருந்தாளிக்கென்று வெந்த ஆட்டுத்தலை வந்தது. அது யார் முன்னால் போனது என்று உங்களுக்கே தெரியும். கால்நடைத் துறைத் தலைவர் அதை அறுத்து, கண்ணை ஒருவருக்கும் நாக்கை ஒருவருக்கும் கொடுத்து, காதை வெட்டி எனக்கு அனுப்பினார். காதைச் சின்னப் பிள்ளைகளுக்குத்தான் கொடுப்பார்கள், பெரியவர்கள் பேச்சைக் கேட்டு வளரட்டும் என்று. நான் தலை நரைத்தவன். நீங்கள் தட்டைப் பார்த்துவிட்டு, “சாப்பிடுங்க சம்பந்தி, பூச்சி ஆராய்ச்சிக்குக் காது கூர்மையா இருக்கணுமில்ல,” என்றீர்கள். கல்யாணக் கூடாரமே சிரித்தது. நான் காதைத் தின்றேன்.

பூச்சி ஆராய்ச்சி அல்ல என்பதை இதோடு எத்தனையாவது முறை சொல்கிறேனோ தெரியாது; எழுத்தில் இதுதான் முதல் முறை. நம் உயிரணுவுக்குள் ஒரு நொதி இருக்கிறது. மேலேயிருந்து வரும் சேதியை வாங்கி அடுத்தவரிடம் சேர்ப்பது அதன் வேலை. அது ‘பெருகு’ என்று சொன்னால் உயிரணு பெருகும். நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே இருந்தால் அதற்குப் பெயர் புற்றுநோய். நம் புல்வெளியில் உங்கள் ஆடுகள்கூட முகம் சுளிக்கும் கசப்பு மாசிபத்திரியிலிருந்து நான் பிரித்தெடுத்த ஒரு பொருள் இந்த நொதியின் வாயை அடைக்கிறது. என் உத்தியோக வாழ்க்கையில் பாதியை இதில்தான் போட்டிருக்கிறேன். அதைச் சுத்தமான நொதியில் செய்து காட்ட வேண்டும். உடம்பிலிருந்து அதை அப்படியே சுரண்டி எடுக்க முடியாது. ஆகவே மனித மரபணுவை ஒரு பூச்சியின் உயிரணுக்களுக்குள் வைத்து, அவற்றை நொதி செய்ய விட்டு, வடித்துச் சுத்தப்படுத்தி, ஆராய்ச்சிக்கூடங்களுக்கென்று ஜெர்மனியில் விற்கிறார்கள். அதிலிருந்து பூச்சி என்ற ஒரு சொல்லை மட்டும் நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள்.

வருகிற வியாழக்கிழமை எங்கள் நிறுவனத்தில் குழு கூடுகிறது. மாசிபத்திரிச் சோதனை சரியாக வந்தால் என் ஆய்வுக்கூடம் இருக்கும். வராவிட்டால் தேன் தரப் பரிசோதனைப் பிரிவு என் அறைக்குள் வரும். அதன் தலைவர் நேற்றே வந்து சன்னலை அளந்துவிட்டுப் போனார். திரைச்சீலைக்காம். போகும்போது, “உங்க மேசையை வெளிய போட்டுடாதீங்க, தேன் ஜாடி வைக்க உதவும்,” என்றார். இவ்வளவுக்கும் ஆதாரம் ஒரே ஒரு குப்பி. அதற்குள் கண்ணீர்த் துளி அளவு திரவம். அதை உறைந்த நிலையிலேயே வைத்திருக்க வேண்டும், பனிக்கட்டி மேல்தான் உருக்க வேண்டும், உருகியதும் சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்துவிட வேண்டும். உள்ளங்கைச் சூடு பட்டாலே போதும், செத்துவிடும். மறுபடி வரவழைக்க வியாழக்கிழமைகள் பல ஆகும்.

அந்தக் குப்பி விமான நிலையத்தைத் தாண்டி வந்த கதையை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அங்கே ஒரு கால்நடை அதிகாரி காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இது மனிதனா பூச்சியா என்று கேட்டார். மனித நொதி, பூச்சியில் செய்தது என்றேன். மனிதன் என்றால் சுகாதாரத் துறைக்குப் போக வேண்டும், பூச்சி என்றால் பயிர்ப் பாதுகாப்புக்குப் போக வேண்டும், இரண்டும் என்றால் வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். பிறகு அந்தப் பூச்சி நோய்நொடி இல்லாமல் இருந்ததற்குச் சான்றிதழ் கேட்டார். பெட்டிக்குள் உலர்பனி கரைந்துகொண்டிருந்தது. என் உதவியாளர் தோக்ஜான் ஒவ்வொரு நாளும் புது உலர்பனியைச் சுமந்துகொண்டு போய், அவர் தேநீர் குடிக்கும் நேரம் பார்த்துப் பெட்டியை நிரப்பிவிட்டு வந்தாள். ஒருநாள் அவருக்கே சலித்துப்போய், பூச்சி இறந்த பிறகு நோயாளி ஆக முடியாது என்று தானே ஒரு முடிவுக்கு வந்து முத்திரை குத்தினார். நேற்றுக் காலை பெட்டி என் மேசைக்கு வந்தது. மூடியைத் திறந்தோம். வெள்ளைப் புகை எழுந்தது. குப்பி கல்லாய் உறைந்திருந்தது. தோக்ஜான் கையைத் தட்டினாள். நான்கூடச் சிரித்தேன் என்று அவள் சொல்கிறாள்.

அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள்.

உங்கள் மலையூர் கெகெனிலிருந்து விடியும் முன்பே சம்பந்தியம்மாவோடு புறப்பட்டு, குளிர்காலத்துக்கு அறுத்த குதிரையின் பாதியை வண்டியின் பின்பக்கம் போட்டு, எங்கள் வீட்டுக்கும் மகள் வீட்டுக்கும் பங்கு கொண்டுவந்தீர்கள். அதற்கு நன்றி சொல்ல நான் கடமைப்பட்டவன், அதை வேறொரு நாள் சொல்கிறேன். ஆனால் வீட்டுக்குப் போகாமல் நேரே ஆய்வுக்கூடத்துக்கு ஏன் வந்தீர்கள்? அனுமதிச் சீட்டு இல்லாமல் அமைச்சரையே உள்ளே விடாத காவலாளி, “நான் அவரோட சம்பந்தி” என்று நீங்கள் சொன்னதும் எழுந்து நின்று கதவைத் திறந்திருக்கிறான். அவனுக்கும் மகள் இருக்கிறாள். நீங்கள் கையை நீட்டினீர்கள். கையுறையோடு. உள்ளே கம்பளி, வெளியே ஆட்டுத்தோல், அதன்மேல் வண்டியில் மாமிசத்தைப் புரட்டிய பனி கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. முன்பின் தெரியாத டாக்சிக்காரனுக்குக் கைகொடுப்பதென்றாலும் கையுறையைக் கழற்றிவிட்டுத்தான் கொடுப்பார்கள். தோக்ஜான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பனியைப் பிடித்துக் குலுக்கினேன்.

“என்ன சம்பந்தி, பூச்சி வந்துடுச்சாமே?”

“பூச்சி இல்ல சம்பந்தி. நொதி.”

“ஏதோ ஒண்ணு. புதுசா ஒண்ணு வந்திருக்கு, பார்க்காம போனா நல்லாவா இருக்கும்? எடுங்க, பார்ப்போம்.”

குளிர் போய்விடும், வெளியே எடுக்கக் கூடாது என்று சொல்லத் தொடங்கினேன். “குளிரப் பத்தி எனக்கா சொல்றீங்க? நான் கெகென்லேர்ந்து வர்றேன்,” என்றீர்கள். தோக்ஜான் தலையை ஆட்டி ஆட்டி வேண்டாம் என்று காட்டினாள். ஆனால் சம்பந்தி கேட்டு, அதுவும் புதிதாக வந்ததைப் பார்க்கக் கேட்டு, இல்லை என்று சொன்னவனை நம் ஆட்களில் நான் கண்டதில்லை. இடுக்கியால் எடுத்து உங்கள் கையுறையில் வைத்தேன். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் இரண்டு கையையும் குவித்து அதை நடுவே மூடிக்கொண்டு கண்ணையும் மூடினீர்கள். ஆசி சொல்லப் போகிறீர்கள் என்று தெரிந்ததும் என் உடம்பிலுள்ள நொதியெல்லாம் செத்துவிட்டது.

“இது பெருகட்டும். மந்தை மந்தையா ஆகட்டும். ஓநாய் கண்ணுல படாம இருக்கட்டும். நம்ம சம்பந்திக்கு இதாலயாவது ஒரு பேர் கிடைக்கட்டும்.”

‘இதாலயாவது’ என்ற சொல் என் காதில் விழுந்தது. நீங்கள் அனுப்பிய ஆட்டுக்காதைத் தின்றவன் அல்லவா, நன்றாகவே விழுந்தது. அதோடு முடியும் என்று பார்த்தால் உங்கள் முன்னோர் ஏழு தலைமுறையையும் ஒவ்வொருவராக அழைத்தீர்கள். ஆசியின் நடுவே யாரும் அசையக் கூடாது. நானும் தோக்ஜானும் உள்ளங்கையை ஏந்திக்கொண்டு நின்றோம். உங்கள் நாலாவது பாட்டன் வந்தபோது நொதி உருகத் தொடங்கியிருக்கும், ஆறாவது பாட்டனுக்கு முழுக்க உருகியிருக்கும் என்று எனக்குள் கணக்கு ஓடியது. ஆமீன் சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டோம். கை நீட்டினேன். அதற்குள் சம்பந்தியம்மா குனிந்து, “கண்ணு பட்டுடப் போவுது,” என்று குப்பிமேல் த்தூ த்தூ த்தூ என்று மூன்று முறை துப்பினார்கள். வெறும் காற்றுதான் என்பார்கள். எனக்குத் தெரியும், காற்று மட்டும் அல்ல. எச்சிலில் இருப்பவை புரதத்தைத் தின்னும். மூடி இறுக்கமாக இருந்தது என்று தோக்ஜான் சத்தியம் செய்கிறாள்.

குப்பி என் கைக்கு வந்தபோது கல் இல்லை, தண்ணீர். நீங்கள் ஆழ்குளிர்ப்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, “பாதி சும்மாதானே கெடக்கு, குதிரையை இதுல வெச்சிடலாமே,” என்றீர்கள். நான் முடியாது என்றேன். உங்களிடம் என் வாழ்நாளில் சொன்ன முதல் முடியாது அது. நீங்கள் சிரித்து என் முதுகில் தட்டினீர்கள், அதே கையுறையால்.

நீங்கள் போனதும் தோக்ஜான் திரவத்தைப் பனிக்கட்டி மேல் பிரித்து உறையவைத்தாள். இன்று காலை அதில் ஒரு சின்னக் குழாயை எடுத்து, நொதிக்குக் கொடுக்க வேண்டியதையெல்லாம் கொடுத்து, தட்டை இயந்திரத்துக்குள் வைத்தாள். உயிர் இருந்தால் திரையில் கோடு மேலே ஏறும். செத்திருந்தால் தரையோடு படுத்திருக்கும். இதை எழுதும்போதே எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். படுத்திருக்கிறது. தட்டு பனியிலிருந்து வந்ததால் சூடேற நேரம் ஆகும், பொறுங்கள் என்கிறாள் அவள். நோயாளியின் உறவினரிடம் அப்படித்தான் சொல்வார்கள். மறுபடி போய்ப் பார்த்தேன். இன்னும் படுத்திருக்கிறது. தேன் பிரிவின் தலைவர் நடைபாதையில் நின்று யாரிடமோ அலமாரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்.

ஆகவே சம்பந்தி, என் முடிவை எழுதிவிடுகிறேன். ஓர் ஆய்வுக்கூடத்தை நெருப்பு அழிக்கலாம், வெள்ளம் அழிக்கலாம். என்னுடையதை ஆசி அழித்தது. அதையும் கையுறையைக் கழற்றாமல் அழித்தீர்கள் என்பதுதான் என்னால் பொறுக்க முடியாதது. அழிப்பதற்குக்கூட முறையாகக் கைகொடுக்கவில்லை. அடுத்த மாதம் நம் பேரனுக்குக் காலில் கட்டிய கயிற்றை அறுத்து முதல் அடி வைக்கவிடும் விருந்துக்கு நான் வர மாட்டேன். என் மகள் அழுவாள், அழட்டும். நம் இரு குடும்பத்துக்கும் நடுவே இனி மகளும் மாப்பிள்ளையும் மட்டும்தான்; நானும் நீங்களும் இல்லை.

உங்கள் மந்தை பெருகட்டும், உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும், சம்பந்தியம்மாவின் முழங்கால் வசந்தத்துக்குள் சரியாகட்டும், பேரன் விழாமல் நடக்கட்டும். வெறுத்துக்கொண்டே சொன்னாலும் இவை பலிக்கட்டும்.

பின்குறிப்பு: தோக்ஜான் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். கோடு ஏறிவிட்டது. சாதாரணமாக அல்ல, உங்கள் மலைப்பாதைபோல் செங்குத்தாக. ஜெர்மனிக்காரர்கள் குப்பியோடு அனுப்பிய காகிதத்தில் எவ்வளவு வேகம் இருக்கும் என்று எழுதியிருந்தார்களோ ஏறக்குறைய அவ்வளவும் இருக்கிறது. இது எப்படி என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நான் ஒன்றும் சேர்க்கவில்லை: “அவர் மட்டும் கையுறையக் கழட்டியிருந்தா அவ்வளவுதான் ஐயா. அதுமேல ஒட்டியிருந்த பனி இருக்கே, அது நம்ம ஐஸ் தட்டு மாதிரிதான். ஏழு பாட்டனுக்கும் தாங்கியிருக்கு.”

நாளை மாசிபத்திரிச் சோதனை. வியாழக்கிழமை குழு. இப்போது நடைபாதையில் யாரும் இல்லை.

மேலே எழுதியதைக் கிழித்துவிடலாம் என்று தோன்றியது. ஆனால் ஆட்டுக்காது விஷயம் அப்படியே நிற்கிறது, ஒலிபெருக்கி நிற்கிறது, ‘இதாலயாவது’ நிற்கிறது. விருந்துக்கு வருகிறேன். காதைப் பேரனுக்குக் கொடுங்கள், அவன்தான் அதற்கு உரியவன். தலை யார் முன்னால் போகிறது என்று பார்க்க மட்டுமே வருகிறேன்.

கடைசியில் முழுப் பெயரும் பட்டமும் போடுவதாகச் சொல்லியிருந்தேன். பேனாவைத் திறந்தும் வைத்தேன். பெயர் போட்டால் அதற்கு மேலே ‘நன்றியுடன்’ என்று ஒரு வார்த்தை எழுதியாக வேண்டியிருக்கிறது. ஆகவே கையெழுத்து இல்லாமலே தபாலில் சேர்க்கிறேன்.