இரண்டு வேனும் ஒரு ஓவரும்

கும்பகோணம்,
வியாழக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்.

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் முபாரக் அவர்களுக்கு,

ஹாஜா மைதீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உங்கள் அக்கா ஆமினாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். ஷார்ஜாவில் நீங்களும் அனீஸாவும் பிள்ளை ஷிஃபாவும் அப்படியே இருக்க துஆ செய்கிறேன். உடம்பைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான். மனசைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருக்கலாம். ஆனால் நான் பேசி அனுப்புவதை நீங்கள் இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறீர்கள் என்று ஷிஃபா சொல்லிவிட்டாள். கடிதத்தை அப்படி ஓட்ட முடியாது. வீட்டுக்குள் உட்கார்ந்தால் உங்கள் அக்கா தோளுக்கு மேலே எட்டிப் படிக்கிறாள் என்பதால், வாசலில் நிற்கும் இரண்டாம் நம்பர் வேனில் உட்கார்ந்து ஸ்டியரிங்கில் அட்டையை வைத்து எழுதுகிறேன். புழுக்கம் தாங்கவில்லை. ஃபேனுக்காகச் சாவியைத் திருப்பினால் ரேடியோவும் கூடவே ஓட ஆரம்பிக்கிறது. அது உஸ்ஸென்று இரைவதைக் கேட்டுக்கொண்டேதான் அதன் மேல் புகார் எழுதுகிறேன்.

வேனுக்கு வேன் பேசும் இந்த ரேடியோ உங்கள் யோசனை. உங்களுக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்காது. போன லீவில் வந்தபோது, சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, பாலைவனத்தில் டூரிஸ்டுகளை ஏற்றிக்கொண்டு பத்து ஜீப் வரிசையாகப் போனாலும் ஒன்றுகூடத் தவறிப்போகாது, எல்லாவற்றிலும் ரேடியோ இருக்கிறது, ஒருவர் பேசினால் எல்லோருக்கும் கேட்கும், உங்கள் இரண்டு வேனுக்கும் போட்டால் என்ன என்று கேட்டீர்கள். எனக்கும் ஆசை வந்துவிட்டது. என் நிலைமை தெரியுமே உங்களுக்கு. நவக்கிரக டூரில் முதல் வேனை நம் டிரைவர் செம்மொழி ஓட்டுவான், பின்னால் இரண்டாவதை நான் ஓட்டுவேன். ராகு காலம் எத்தனை மணிக்கு, எந்தக் கோயிலுக்கு எள், எந்தக் கோயிலுக்குக் கொள்ளு என்பதெல்லாம் கும்பிட வருகிறவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும், வழி மட்டும் தெரியாது. இருபத்திரண்டு வருஷமாகச் செம்மொழி வண்டியின் சிவப்பு விளக்கைப் பார்த்தே ஓட்டிவிட்டேன். அவனோ ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் போனைத் தொட மாட்டான். நடுவில் ரயில்வே கேட் மூடினால் நான் அனாதை. போன தை மாசம் இப்படித்தான், நெல் ஏற்றிய லாரியின் விளக்கைச் செம்மொழியின் விளக்கு என்று நம்பிப் பின்னாலேயே போய், சனி பகவானைப் பார்க்க வந்த பன்னிரண்டு பேரை நெல் கொள்முதல் நிலையத்தில் கொண்டுபோய் இறக்கினேன்.

ரேடியோ வாங்கத் திருச்சிக்குப் போனேன். கடைக்காரர் எத்தனை வாட் வேண்டும் என்று கேட்டார். பல்பைக் கேட்கிறார் என்று நினைத்து, வாசலில் போடத்தானே, நாற்பது போதும் என்றேன். அவர் என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். நீங்கள் அங்கிருந்து கொண்டுவருவதாகச் சொன்ன பெரிய செட்டுக்கு இங்கே லைசென்ஸ் வேண்டுமாம், அதை டெல்லியில் கேட்டு வாங்க வேண்டுமாம். லைசென்ஸ் வேண்டாத சின்ன செட்டு இரண்டு கிலோமீட்டர்தான் எட்டும். நடுவில் மலை ஏதும் உண்டா என்று கேட்டார். எங்கள் ஊரில் மலை ஏது, கல்யாண மண்டபங்கள்தான் இருக்கின்றன என்றேன். அது மலையைவிட மோசம் என்று சொல்லிவிட்டுப் பில் போட்டார்.

மாட்டுவதற்கு மெக்கானிக் ஹஸ்ஸான் வந்தான். முதல் வேனின் முன்பலகையில் நடுநாயகமாகச் செம்மொழியின் பிள்ளையார் இருக்கிறார். ரேடியோவுக்கும் அந்த இடம்தான் சரி என்றான் ஹஸ்ஸான். பிள்ளையாரை நகர்த்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் அந்த வண்டியில் ஏறியது ரேடியோவுக்கு எத்தனையோ வருஷம் முன்னால். ஆகவே செட்டைக் கீழே தள்ளி, மைக்கைக் கியர் கம்பிக்குப் பக்கத்தில் கொக்கி போட்டுத் தொங்கவிட்டார்கள். கூரையில் ஏரியல் ஏறிய மறு நிமிஷம் செம்மொழி அதில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துக் கட்டினான். சிக்னல் குறையும் என்றான் ஹஸ்ஸான். திருஷ்டி பட்டால் சிக்னல் இருந்து என்ன பிரயோஜனம் என்று செம்மொழி கேட்டான். நாலாவது கியர் போட்டால் கம்பியின் குமிழ் போய் மைக்கின் பொத்தான்மேல் உட்காரும் என்பதை மட்டும் அன்றைக்கு ஒருவரும் பார்க்கவில்லை.

இந்தக் கருவியின் குணம் உங்களுக்குத் தெரியும். ஒருவர் பேசினால் மற்றவர் வாயை மூடிக் கேட்டாக வேண்டும். இது நம் குடும்பத்தில் எப்படி ஓடும் என்று யோசிக்காமல் வாங்கியது என் தப்பு. பேசி முடித்ததும் ‘ஓவர்’ என்று சொல்ல வேண்டும், சொன்ன பிறகுதான் அடுத்தவர் பேசலாம் என்று கூட வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. சோதித்துப் பார்க்க, தெருக்கோடி ஷெட்டில் நின்ற முதல் வேனில் உங்கள் அக்காவை உட்கார வைத்துவிட்டு நான் இங்கிருந்து கூப்பிட்டேன். அவள் குரல் கேட்கிறதா என்று பார்ப்பதற்காக, “ஆமினா, உன் சத்தம், ஓவர்” என்றேன். முப்பது வருஷமாகக் கேட்ட சத்தம் இன்றைக்குத்தான் ஓவராகத் தெரிகிறதா என்று கேட்டுவிட்டு இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்தாள். இரண்டு நாள் வீட்டில் எந்தச் சத்தமும் இல்லை. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

முதல் சவாரி ரகுராமன் சார் குடும்பம். குடவாசல் பக்கம் ஒரு காலத்தில் நிலம் நீச்சோடு இருந்தவர்கள், இப்போது எல்லோரும் சென்னை. அவர் ரிட்டயரான ஆடிட் அதிகாரி. ஏறியதும் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ரேடியோ புத்தகத்தை வாங்கி முதலிலிருந்து கடைசிவரை படித்து, மைக்கைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். நான் ஓட்டிக்கொண்டே சொல்ல வேண்டும், அவர் அதைச் சுருக்கி ஒலிபரப்பி ஓவர் சேர்ப்பார். அவருடைய அக்கா ஆனந்தம்மாள் முதல் வேனில், செம்மொழிக்குப் பின்னால். சூரியனார்கோவிலைத் தாண்டும்போது அவன் எத்தனையில் போகிறான் என்று கேட்டேன். “செம்மொழி, உன் வேகம், ஓவர்” என்று போயிற்று. ஆனந்தம்மாள் அதைக் கேட்டுப் பயந்துபோய், உங்கள் முதலாளியே வேகம் ஓவர் என்கிறார் என்று அவனைப் பிடித்துக்கொண்டார். நாற்பதில் போனவன் இருபதுக்கு இறங்கினான். ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறான் என்றேன். “செம்மொழி, மெதுவாகப் போவது, ஓவர்” என்று போயிற்று. கஞ்சனூரில் டீ குடித்துவிட்டானா என்று நான் அக்கறையாகக் கேட்டது, “செம்மொழி, டீ குடித்தது, ஓவர்” என்று போயிற்று. இத்தனைக்கும் விதி அவனுக்கும் தெரியும், நான்தான் சொல்லிக் கொடுத்தேன். ஆனால் பன்னிரண்டு பேர் முன்னால் மூன்று தடவை ஓவர் என்று கேட்டால் எவனுக்கு மச்சான் விதி ஞாபகம் இருக்கும்?

திருப்பனந்தாள் ரோட்டில் அவன் கோபத்தில் நாலாவது கியரைப் போட்டான். பொத்தான் அமுங்கிக்கொண்டது. அதற்குப் பிறகு நாங்கள் கத்துவது எதுவும் அங்கே போகாது, அங்கே பேசுவது எல்லாம் இங்கே கொட்டும். ஆனந்தம்மாள் தன் தம்பியைப் பற்றிச் சொன்னதை முதலில் கேட்டோம். புளியோதரைத் தூக்கை இந்த வேனில் ஒளித்து வைத்திருக்கிறாராம், சின்ன வயதிலிருந்தே அவர் அப்படித்தானாம். ரகுராமன் சார் மடியிலிருந்த தூக்கை மெதுவாகச் சீட்டுக்கு அடியில் தள்ளினார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்துச் செம்மொழியின் குரல் வந்தது, என் சிரிப்பு போய்விட்டது. “எங்க பாய்க்கு ஓட்டவும் தெரியாதும்மா, வழியும் தெரியாது. கண்ணாடில எழுதியிருக்க பேரு மட்டும்தான் அவரோடது.”

என் வேனில் இருந்த பன்னிரண்டு பேரும் ஜன்னலுக்கு வெளியே வயலைப் பார்த்தார்கள். மச்சான், அவன் சொன்னது பொய் என்றால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அன்று சாயங்காலம் ஆட்களை இறக்கிவிட்டு, ஷெட்டில் வைத்து அவனைக் கேட்டேன். இருபத்திரண்டு வருஷமாக வழி காட்டியவனை வண்டியில் இருந்தவர்கள் முன்னால் வேகம் ஓவர், டீ ஓவர் என்று அசிங்கப்படுத்தியது மட்டும் சரியா என்று அவன் திருப்பிக் கேட்டான். நான் விதிப்படிதான் சொன்னேன் என்றேன். மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், விதி என்ற சொல்தான் வந்தது. அவன் பிள்ளையாருக்கு முன்னால் இருந்த விபூதியை எடுத்துப் பூசிக்கொண்டு, வண்டியைப் பூட்டிவிட்டு, “அப்ப இனிமே விதியையே வண்டி ஓட்டச் சொல்லுங்க, பாய்” என்றான். சாவியைச் சட்டைப் பையில் போட்டபடியே போய், தன் ஊருக்குப் போகும் குடவாசல் பஸ்ஸில் ஏறிவிட்டான்.

இன்றோடு பத்து நாள். போனை எடுப்பதில்லை. முதல் வேன் ஷெட்டில் நின்ற இடத்தில் நிற்கிறது. ஏரியலில் கட்டிய எலுமிச்சம்பழம் சுருங்கிவிட்டது. சனிக்கிழமை மறுபடி ரகுராமன் சாரின் சொந்தக்காரர்கள் இருபத்து நாலு பேர் வருகிறார்கள், ஓட்டுவது செம்மொழிதானே என்று இரண்டு தடவை போன் செய்து கேட்டுவிட்டார்கள். வேறு டிரைவர் வைக்கலாம் என்று இரண்டு பேரைப் பார்த்தேன். இருவரும் போனில் வரைபடம் பார்த்து ஓட்டுகிறவர்கள், அது ஆற்றுக்கு நடுவிலும் ரோடு காட்டுகிறது. ஆமினா கவலைப்படவில்லை. “சாவியக் குடுக்காம போனவன் வேலைய விட்டதா அர்த்தம் இல்லங்க, போய்க் கூப்பிடுங்க” என்கிறாள். கூப்பிட எனக்கு என்ன தலையெழுத்து? முதலாளியைப் பற்றி அப்படிப் பேசியவன்தான் முதலில் வந்து பேச வேண்டும். நான் பேசப் போவதில்லை. அவன் இல்லாமல் எனக்குக் கை ஒடிந்தது போலத்தான் இருக்கிறது, அதற்காகப் பேச முடியுமா?

ஆகவே என் முடிவைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த வம்பை ஆரம்பித்தது நீங்கள். அடுத்த லீவில் வந்ததும் முதல் வேலையாக இரண்டு செட்டையும் ஏரியலையும் உங்கள் கையாலேயே கழற்றி, உங்கள் பாலைவனத்துக்கே எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். அங்கே வழியும் இல்லை, செம்மொழியும் இல்லை, ரேடியோ நன்றாக வேலை செய்யும். அதுவரை நான் அதைத் தொட மாட்டேன், அது சத்தியம்.

அனீஸாவுக்கு என் சலாம். ஷிஃபாவை நன்றாகப் படிக்கச் சொல்லுங்கள், இரட்டை வேகத்தில் வேண்டாம். உங்கள் எல்லோருக்கும் அல்லாஹ் நல்ல சுகத்தையும், எனக்குப் பொறுமையையும் தர வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அக்காவைக் கட்டிய
ஹாஜா மைதீன்

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டு உறையை எடுக்கும்போது ரேடியோவில் இரைச்சல் நின்றது. யாரோ பொத்தானை அமுக்கினால்தான் அப்படி நிற்கும். ஷெட்டில் பூட்டிக் கிடக்கிற வண்டியில் யார் என்று நினைத்தேன்.  அப்புறம் தொண்டையைச் செருமுகிற சத்தம். “பாய்” என்று ஒரு குரல். செம்மொழிதான். தெருக்கோடியிலிருந்து பார்த்தால் நான் வேனில் இருப்பது தெரியும், நடந்து வந்தால் இரண்டு நிமிஷம். வரவில்லை, வண்டியைத் திறந்து உட்கார்ந்து இதில் பேசுகிறான். “பாய், அன்னைக்கு நான் பேசினது… ஓவர்” என்றான். மறுபடி இரைச்சல் வந்துவிட்டது.

மச்சான், அவன் விதிப்படி முடித்தானா, தான் பேசியது அதிகம் என்று ஒத்துக்கொண்டானா, எனக்குத் தெரியவில்லை. எதுவானாலும் அடுத்துப் பேச வேண்டியது நான்தான், புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. மைக்கை எடுத்தேன். “நான் பேசினதும்தான் செம்மொழி, ஓவர்” என்றேன். இரைச்சல் மறுபடி நின்றிருக்கிறது, அவன் ஏதோ சொல்லப் போகிறான். நீங்கள் வந்து எதையும் கழற்ற வேண்டாம்.