மூன்று பாட்டில் ஆயிலும் ஓர் ஆய்வுக் குழுவும்

எங்கள் ஊர் இயந்திர வாடகைச் சங்கத்திடம் இருப்பது ஒரே ஒரு நெல் அறுவடை வண்டி. அதற்கு ஆயில் மாற்ற வேண்டியிருந்தது. டிரைவர் ராம்கி அண்ணன், வண்டியோடு வந்த புத்தகத்தைப் பார்த்து அதில் சொன்ன ஆயிலையே ஒரு கேன் வாங்கி வந்துவிட்டார். அங்கேதான் அவர் தப்பு செய்தார். குழு எதுவும் போடவில்லை.

சங்கச் செயலாளர் வைத்தியலிங்கம் முந்தின நாள்தான் போனில் வீடியோ பார்த்திருந்தார். ஒருவர் மூன்று கம்பெனி ஆயிலை வாணலியில் காய்ச்சி, ராம்கி அண்ணன் வாங்கிய ஆயிலுக்குக் கடைசி இடம் கொடுத்தார். அடுத்த வீடியோவில் இன்னொருவர் ஐஸில் புதைத்து, அதே ஆயிலுக்கு முதலிடம் கொடுத்தார்.

எந்தச் சோதனையை நம்புவது? செயலாளர் தஞ்சாவூர் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டார். அங்கிருந்து ராஜராஜன் என்ற அதிகாரி ஜீப்பில் வந்திறங்கி, 'மசகு எண்ணெய் ஒப்பீட்டுச் சோதனைகளின் நம்பகத்தன்மையை ஆராயும் குழு'வை அமைத்தார். தலைவர் அவரே. உறுப்பினர் வைத்தியலிங்கம். ஆய்வு முடியும்வரை வண்டி நகரக் கூடாது.

எங்கள் நெல்லோ முற்றித் தலை சாய்ந்துவிட்டது. மழை வருகிறது என்று டிவியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். தனியார் வண்டி எல்லாம் மன்னார்குடிப் பக்கம் போய்விட்டது.

"சார், புத்தகத்துலயே போட்டிருக்குங்க," என்றார் ராம்கி அண்ணன்.

"புத்தகம் போட்டது யாரு?"

"வண்டி செஞ்ச கம்பெனிங்க."

"பாத்தீங்களா, பக்கச்சார்பு!" என்றார் ராஜராஜன்.

அதிராம்பட்டினத்திலிருந்து மீன் வண்டியில் ஐஸ் வந்தது. வெயில் மண்டையைப் பிளக்க, மூன்று கம்பெனி ஆயிலையும் வாங்கி ஐஸில் புதைத்துச் சுற்றி நின்றார்கள்.

என் அம்மா நாகம்மாள் கேட்டார்: "ஏங்க, நம்ம வயல்ல ஐஸ்கட்டி எப்பங்க விழுந்துச்சு?"

"விழுந்தா என்ன செய்வீங்க? முன்னெச்சரிக்கைம்மா," என்றார் ராஜராஜன்.

பிறகு வாணலி கேட்டார்கள். "மழைக்கு முன்னாடி முடிப்பீங்கன்னா அண்டாவையும் எடுத்துட்டுப் போங்க," என்று அம்மா கொடுத்துவிட்டார்.

முடிவில் தலைவர் போட்ட வரிசையும் உறுப்பினர் போட்ட வரிசையும் ஒன்றுக்கொன்று தலைகீழாக இருந்தன. கம்பெனிப் பெயர் தெரிவதுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். இனி பெயரில்லாத பாட்டிலில் ஊற்றி, அ, ஆ, இ என்று சீட்டு ஒட்ட வேண்டும். ஊற்றுபவருக்கு விஷயம் எதுவும் தெரிந்திருக்கக் கூடாது.

"நம்ம வானதி இருக்கா சார். பிளஸ் டூ பிசிக்ஸ்ல பெயில்," என்றார் வைத்தியலிங்கம்.

ஊரே என்னைப் பார்த்தது. தகுதி இருந்ததால் ஒப்புக்கொண்டேன்.

கொட்டகைக்குள் போய், ராம்கி அண்ணன் வாங்கிய கேனிலிருந்தே மூன்று பாட்டிலையும் நிரப்பினேன். எது ஜெயித்தாலும் வண்டி கிளம்பும்.

ஒவ்வொரு பாட்டிலிலிருந்தும் ஒரு கரண்டி மட்டும் எடுத்து, மறுபடி ஐஸ், மறுபடி வாணலி. ராஜராஜன் முகர்ந்தார், விரலில் தேய்த்தார், கண்ணை மூடினார். பிறகு எழுந்து வாசித்தார்: "அ, மிகச் சிறப்பு. ஆ, சுமார். இ, இன்ஜினுக்கே ஆபத்து."

கைதட்டினார்கள். என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

"சார், மூணும் ஒரே கேன்."

வைத்தியலிங்கம் ஐஸைப் பார்த்தார். ராஜராஜன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார்.

"அப்படியா? ஒரே ஆயிலிலேயே மூன்று தரத்தைக் கண்டுபிடித்திருக்கிறோம். இதைவிட நுட்பமான சோதனை உண்டா? நம்பகமானது!" என்று கையெழுத்துப் போட்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

கேனில் மிச்சம் இருந்ததை ராம்கி அண்ணன் வண்டியில் ஊற்றினார். இன்னும் கொஞ்சம் தேவைப்பட்டது. நான் கைக்கு அகப்பட்ட பாட்டிலை எடுத்தேன்.

"ஏய், அது இ! வெச்சுட்டு அ-வை எடுடி," என்றார் அம்மா.

"எல்லாம் ஒண்ணுதாம்மா. நான்தானே ஊத்துனேன்!"

"ஒண்ணுதானே? அப்ப அ-வை ஊத்துனா என்ன குறைஞ்சுபோவுது?"

அ-வை ஊற்றினோம். மழைக்கு முன்பே எங்கள் நெல் களத்துக்கு வந்துவிட்டது. "அ ஊத்துனதுலேர்ந்து இன்ஜின் பூ மாதிரி ஓடுது," என்று ராம்கி அண்ணன் இன்றும் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

இ பாட்டிலை யாரும் தொடவில்லை. எங்கள் பம்புசெட்டுக்கு ஆகட்டும் என்று நான் எடுத்து வந்தேன். மூடியைத் திறந்தால், லேசாகக் கருகல் வாடை அடிக்கிற மாதிரி இருந்தது. சத்தமில்லாமல் மூடி, ஓரமாக வைத்துவிட்டேன்.