ஜெயித்தவன் வண்டியில் முப்பது கிலோ

786

பாபநாசம்
வியாழக்கிழமை

பாசமுள்ள மச்சான் நெய்னா முகம்மது அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். துபாயில் தாங்கள் முழங்கால் வலி இல்லாமல் நல்லபடியாக இருக்க வேண்டுமென்று ஐந்து வேளையும் துஆ செய்கிறோம். இங்கே உங்கள் தங்கை ஹமீதா பானுவும், உங்கள் மனைவி ஜன்னத் பீவி அக்காவும், நானும், என்னுடைய சர்க்கரையும் நலம். இதையெல்லாம் போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள், நானும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு "சரிங்க மச்சான்" என்று வைத்துவிடுவேன். கடிதத்தில் அந்தத் தொந்தரவு கிடையாது. நாளை விமானம் ஏறும் இப்ராஹிமிடம் கொடுத்தனுப்புகிறேன்.

இனி துபாய் வாழ்க்கை போதும், வருகிற ஹஜ்ஜுப் பெருநாளோடு ஊருக்கே வந்துவிடுகிறேன் என்று நீங்கள் சொன்னதாக அக்கா சொன்னார். கேட்டதும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சந்தோஷம் அடங்கிய பிறகு உட்கார்ந்து யோசித்தேன். இப்போது வர வேண்டாம் மச்சான். காரணத்தை விவரமாக எழுதுகிறேன், கோபப்படாமல் கடைசிவரை படியுங்கள்.

எல்லாம் என் மகன் ஃபாஜிலால் வந்தது. நீங்கள்தான் அவனை அழைத்துப் போய் அங்கே ஒரு கராஜில் சேர்த்துவிட்டீர்கள். இன்ஜினியர் வேலை என்றீர்கள், நானும் உரக்கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் இன்ஜினியர் என்றே சொல்லிவந்தேன். அந்தக் கராஜ் முதலாளி ஒரு பந்தயக் கார் வாங்கினாராம், அதை ஓட்டிய அவருடைய தம்பி மகனுக்கு மணிக்கட்டு ஒடிந்ததாம், வண்டியைப் பழுது பார்த்து ஓட்டிப் பார்க்கிறவன் நம்ம பையன்தானே என்று இவனையே உட்கார வைத்துவிட்டார்களாம். தலையில் கவசமும், பஸ் ஸ்டாண்டு சுவர் போல உடம்பெல்லாம் விளம்பரமுமாக ஒரு போட்டோ அனுப்பினான். உங்கள் தங்கை அதைப் பார்த்து, பையனுக்கு ஏதோ தீயணைப்பு நிலையத்தில் வேலை மாற்றிவிட்டார்கள் என்று அரை மணி நேரம் அழுதாள். போன் போட்டுக் கேட்டால், "அத்தா, இது ராஜா வீட்டுப் பிள்ளைங்க ஓட்டுற பந்தயம் இல்லத்தா. ரோட்டுல ஓடுற சாதாரண நாலு கதவு கார்தான். செலவு கம்மி. எல்லா நாட்டுலயும் ஒரே சட்டம், ஒரே வண்டியை எங்க வேணாலும் கொண்டுபோய் ஓட்டலாம்" என்கிறான். இந்தப் பதினைந்து இருபது வருஷத்தில் போன் விலை குறைந்தது, விமான டிக்கெட் விலை குறைந்தது, இப்போது பன்னாட்டுக் கார்ப் பந்தயமும் குறைந்துவிட்டது. எது விலை குறைந்தாலும் அது நேராக நம் வீட்டுக்குள் வந்துவிடுகிறது, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இந்த நேரம் பார்த்துத்தான் பட்டுக்கோட்டை தேங்காய் மண்டி ஜாபிர், தன் மகள் தஹ்மீனாவை ஃபாஜிலுக்குக் கொடுக்கலாமா என்று பேச வந்தார். நல்ல குடும்பம், பெண் எம்.எஸ்ஸி. படித்திருக்கிறது. "மாப்பிள்ளை என்ன பண்றாருங்க?" என்று கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை. "கார் ஓட்டுறான்" என்றேன். "டாக்ஸிங்களா?" என்றார். "இல்லைங்க, பந்தயம். பஹ்ரைனுக்கெல்லாம் போயி ஓட்டுறான்." "எங்கேருந்து எதுவரைக்கும் ஓட்டுவாரு?" "புறப்பட்ட எடத்துக்கே திரும்பி வருவான். மறுபடியும் போவான், மறுபடியும் வருவான்." "வண்டில ஆளை ஏத்துறதில்லையா?" என்றார். இல்லை என்றதும் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டார்.

விட்டால் சம்பந்தம் போய்விடும் என்று, அடுத்த பந்தயத்தை நம் வீட்டு டிவியிலேயே பார்க்கலாம் என அழைத்தேன். ஜாபிர் வந்தார். நம்ம பஞ்சநதத்தையும் கூப்பிட்டேன், டிராக்டர் வைத்திருக்கிறார், வண்டி விவரம் தெரிந்தவர் ஒருத்தராவது இருக்கட்டும் என்று. ஆரம்பித்ததுதான் தாமதம், பின்னால் வந்தவன் ஃபாஜில் வண்டியில் முட்டினான். பக்கத்தில் வந்தவன் கதவோடு கதவு உரசினான். யாரும் இறங்கிச் சண்டை போடவில்லை, ஹாரன்கூட அடிக்கவில்லை. பஞ்சநதம், "என்னங்க இது, நம்ம கும்பகோணம் ரோட்டுல தனியார் பஸ்காரன் டைமிங்குக்கு ஓட்டுற மாதிரியில்ல இருக்கு, இதைப் பாக்கவா வேலையை விட்டுட்டு வந்தோம்?" என்றார். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். ஆனால் மச்சான், கடைசிச் சுற்றில் நம்ம பிள்ளை இரண்டு பேரை ஒரே வளைவில் முந்திப்போய் முதலாவதாக வந்துவிட்டான். அவன் மேடையில் நின்றபோது பாபநாசம் என்று சொல்லத் தெரியாமல் மைக்கில் அறிவித்த வெள்ளைக்காரர் பட்ட பாட்டைக் கேட்டு என் கண் கலங்கிவிட்டது. ஜாபிர் எழுந்து என்னைக் கட்டிப்பிடித்தார். மறுநாள் பட்டுக்கோட்டையிலிருந்து ஒரு வேன் இளநீர் வந்து இறங்கியது.

அதற்கடுத்த பந்தயத்துக்குத் தெருவே கூடிவிட்டது. ஃபாஜில் ஏழாவதாக வந்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில், "என்னடா, தூங்கிட்டியா?" என்று போனில் பிடித்துக்கொண்டேன். அவன் நிதானமாகச் சொல்கிறான்: "இல்லத்தா, போன தடவை ஜெயிச்சேன்ல, அதனால வண்டியில முப்பது கிலோ எடை ஏத்திட்டாங்க." எனக்குப் புரியவில்லை. "யாரு?" "நடத்துறவங்க. யாரும் ரொம்ப முன்னால போயிடக் கூடாதுல்ல. காசைக் கொட்டி ஒருத்தனே ஜெயிச்சுக்கிட்டிருந்தா மத்தவங்க வரமாட்டாங்க. அதான் சட்டம்." "மறுபடி ஜெயிச்சா?" "மறுபடி ஏத்துவாங்க." "எறக்கவே மாட்டாங்களா?" "தோத்தா எறக்குவாங்கத்தா." மச்சான், எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. முப்பது கிலோ என்றால் அரை மூட்டை யூரியாவுக்கும் மேலே! நன்றாக ஓடுகிறவன் என்பதற்காகவே அவன் முதுகில் மூட்டையை ஏற்றுவது எந்த ஊர் நியாயம்? அவன் வாய் திறந்து கேட்கவில்லை என்பதற்காக இன்னும் இன்னும் ஏற்றுவார்களா? கடையில், பள்ளிவாசல் வாசலில், வீட்டில் ஹமீதாவிடமும் ஜன்னத் பீவி அக்காவிடமும் என்று ஒரு வாரமாக இதையே பேசித் தொண்டை கட்டிவிட்டது. உங்களுக்குத்தான் என் வேதனை புரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். ஏழாவது இடத்தைப் பார்த்த ஜாபிருக்கு மறுபடியும் சந்தேகம் வந்துவிட்டது. கடைசியாக அவர் சொன்னது இது: "பையனை நம்பி இல்லீங்க, துபாய்ல இருக்காரே அவங்க மாமா, அவரை நம்பித்தான் பொண்ணு தர்றோம். அவரு அங்க இருக்கிற வரைக்கும் எங்களுக்குச் சம்மதம்." நீங்கள் வந்துவிட்டால் இந்த நிக்காஹ் நடக்காது. ஆகவே கல்யாணம் முடிந்து ஒரு குழந்தை பிறக்கும்வரையாவது நீங்கள் அங்கேயே இருக்க வேண்டும். ஃபாஜிலை உங்கள் அறையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், கராஜ் சாப்பாடு அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, நீங்கள் சமைத்தால் நன்றாகச் சாப்பிடுவான். உங்களுக்கு அரபி தெரியும் என்பதால் பந்தயம் நடத்துகிறவர்களைப் பார்த்து அந்த எடையை இறக்கச் சொல்லி இரண்டு வார்த்தை பேசுங்கள். பஞ்சநதத்தின் மருமகன் சும்மா இருக்கிறான், உங்கள் கம்பெனியில் ஓர் இடம் பாருங்கள், வாக்குக் கொடுத்துவிட்டேன். இந்த வருஷமும் ஆற்றில் தண்ணீர் வரவில்லை, குறுவைச் சாகுபடி இல்லை, உர வியாபாரம் படுத்துவிட்டது, ஆகையால் நம் வீட்டு மாடி வேலையையும் நீங்களே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முழங்காலுக்கு அங்கே ஏசி நல்லது என்று கேள்விப்பட்டேன், இங்கே ஈரம்.

மற்றவை நேரில். நேரில் என்றால் உடனே அல்ல. எல்லாம் வல்ல அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், சுமக்கிற தெம்பையும் தந்தருள்வானாக, ஆமீன்.

வஸ்ஸலாம்.

தங்கள் அன்பு மச்சான்,
மீரா உசேன்

பின் குறிப்பு: மேலே உள்ளதை மடித்து வைத்துவிட்டு மஃரிப் தொழுகைக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் ஹமீதா பிரித்து, ஜன்னத் பீவி அக்காவுக்கு உரக்க வாசித்துக் காட்டியிருக்கிறாள். சண்டை ஒன்றும் போடவில்லை, போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். "ஏங்க, எங்கண்ணன் தோத்தாத்தான் எறக்குவீங்களா?" என்று மட்டும் கேட்டாள். அது பந்தயத்துச் சட்டம், இது குடும்பம் என்றேன். சொல்லும்போதே எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அக்கா எழுந்து உங்கள் வீட்டுக்குப் போய்க் கூடத்து விளக்கைப் போட்டார். விற்காத உர மூட்டைகளைப் போன வருஷத்திலிருந்து உங்கள் கூடத்தில்தான் அடுக்கி வைத்திருக்கிறேன். இதை மேலே எழுதவில்லை, இப்போது எழுதியாக வேண்டியிருக்கிறது. அக்காவும் ஹமீதாவுமாக என் கடைச் சுமையாட்களையே கூப்பிட்டு, அத்தனை மூட்டையையும் எடுத்து என் வீட்டுக் கூடத்தில் இறக்க வைத்துவிட்டார்கள். உங்கள் வீட்டைக் கழுவித் தள்ளுகிறார்கள், நான் ஒரு பொட்டாஷ் மூட்டைமேல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஹமீதா ஜாபிருக்கும் போன் போட்டு, "பையனைப் புடிச்சிருந்தா பொண்ணு குடுங்க, எங்கண்ணனை ஈடு கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டாள். அவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். நல்ல சம்பந்தம், கைவிட்டுப் போனாலும் போகலாம், எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. அதை நானும் ஃபாஜிலும் பார்த்துக்கொள்கிறோம். பஞ்சநதத்திடமும் நானே பேசிக்கொள்கிறேன். இப்ராஹிம் வாசலில் நிற்கிறார், வேறு கடிதம் எழுத நேரமில்லை, அதனால் மேலே உள்ள எதையும் படிக்காதீர்கள். சொன்னபடி பெருநாளுக்கு வந்துவிடுங்கள். போர்வை, பால் பவுடர், சென்ட் பாட்டில் எதுவும் வேண்டாம், யார் கேட்டாலும் கட்டாதீர்கள், நானே கேட்டாலும் கட்டாதீர்கள். திருச்சி விமான நிலையத்துக்குக் காரோடு நான் வருகிறேன். கையை வீசிக்கொண்டு வெளியே வாருங்கள் மச்சான்.