சிவப்புக் கோடு போட்ட புழு

அரவேணு,
வியாழன் சாயங்காலம்.

மரியாதைக்குரிய செல்லக்கண்ணு மச்சான் அவர்களுக்கு, தங்கள் தங்கை மருதாம்பாளின் புருஷன் ஆறுக்குட்டி வணக்கம் சொல்லி எழுதுவது. அங்கே அக்காவும் குழந்தைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. கதவைத் தாழ் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். படித்ததை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமாகத் தங்கள் தங்கைக்குத் தெரியக் கூடாது.

விஷயம் இதுதான். எனக்கு மோப்பம் போய்விட்டது. பொங்கலுக்கு ஒரு சளி பிடித்ததே, சளி போனது, போகும்போது மோப்பத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. வேறு உத்தியோகமாக இருந்தால் சனியன் போகட்டும் என்று விடலாம். நான் டீ மேக்கர். அரைத்த இலையைத் தரையில் பரப்பிவிட்டு, பச்சை வாசனை அடங்கிப் பழ வாசனை எழும்புகிற நேரம் பார்த்து, "டிரையருக்குத் தள்ளுங்க" என்று சொல்வதற்குத்தான் முதலாளி என்னை வைத்திருக்கிறார். இத்தனை நாளும் இலையின் நிறத்தைப் பார்த்து, கையால் பிசைந்து, எப்படியோ ஒப்பேற்றினேன். ஆனால் டீ விலை விழுந்து கிடக்கிற கிடை உங்களுக்கே தெரியும். பறிக்கிற கூலிக்குக் கட்டாது என்று தோட்டக்காரர்கள் இலையைச் செடியிலேயே முற்ற விடுகிறார்கள், கோத்தகிரி ரோட்டில் பேக்டரிக்குப் பேக்டரி பூட்டு. போன வாரம் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "ஏனுங்க ஆறுக்குட்டி, வியாழக்கிழமை கோயமுத்தூர் வியாபாரி வர்றாருங்க. அன்னைக்கு அடிக்கிற தூளை அவரும் வேண்டாம்னுட்டா, நாமளும் சாத்திக்க வேண்டியதுதானுங்க" என்றார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் என் மகள், உங்கள் மருமகள் ஷண்முகப்ரியா லீவில் வந்து சேர்ந்தாள். பெங்களூர் ஆராய்ச்சிக்கூடத்தில் மராமத்து வேலையாம். அவள் பெட்டியில் துணி கொஞ்சம், புழு நிறைய. பயப்படாதீர்கள், நம் வயிற்றில் இருக்கிற ஜாதி இல்லை. மண்ணில் வாழ்கிற உருளைப்புழு, எழுத்தில் வைக்கிற காற்புள்ளி அளவுகூட இருக்காது. எங்கள் ஊர்க் குளிர் அதற்கு ஒத்துக்கொள்ளுமாம். வட்டத் தட்டுகளில் போட்டு மூடி, பிஸ்கட் டப்பாவில் அடுக்கிப் படுக்கையறையில் வைத்திருக்கிறாள். கண் கிடையாது, காது கிடையாது, ஆனால் மூக்கு நுனியில் நரம்பு உண்டாம். அந்த நரம்பின் சுவரில் பொடிப்பொடியாக வாசல்கள். வாசனை பட்டதும் வாசல் திறக்கும், மின்சாரம் ஏறிய உப்புத் துகள்கள் உள்ளே பாயும், நரம்பு முழித்துக்கொள்ளும், புழு அந்த வாசனையைப் பார்த்து நெளிந்து போகும். வாசல் பிறவியிலேயே கெட்டுப்போன புழுவும் ஒரு தட்டில் வைத்திருக்கிறாள். பக்கத்தில் பழ வாசனையை வைத்தாலும் அது பாட்டுக்கு அலையும். இதைச் சொன்னபோது எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது மச்சான். "அந்த வாசலை ரிப்பேர் பண்ண முடியுமா சாமி?" என்று கேட்டேன். "புழுவுக்கு முடியுமுங்கப்பா" என்றாள்.

அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. பழ வாசனைக்குப் புழு ஓடுகிறது. பக்குவமான இலையில் வருவதும் பழ வாசனை. என் மூக்கு இல்லாவிட்டால் என்ன, புழுவின் மூக்கு இருக்கிறதே! இன்று விடியற்காலை டப்பாவைத் திறந்தேன். கறுப்புக் கோடு போட்ட தட்டு அத்தனை, சிவப்புக் கோடு போட்டது ஒன்றே ஒன்று. எங்கள் பேக்டரியில் முதல் தர மூட்டைக்குத்தான் சிவப்புக் கோடு. யோசிப்பேனா? சிவப்பை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு போய்விட்டேன்.

இலை பரப்பியாயிற்று. தட்டின் ஓரத்தில் ஒரு சிட்டிகை இலையை வைத்து, கடிகாரம் பழுது பார்க்கிறவர் கண்ணில் மாட்டுகிற கண்ணாடியைக் கடன் வாங்கி மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். புழு வரவில்லை. இலையை மாற்றி மாற்றி வைத்தேன். அதுகள் திருவிழாவில் தொலைந்த பிள்ளைகளைப் போல அங்கும் இங்கும் திரிகின்றன. இலை சிவந்துகொண்டே போகிறது. டிரையரில் நிற்கிற பேச்சியம்மா, "அண்ணே, தள்ளலாமா?" என்கிறாள். "இரு தாயி." திரும்ப, "அண்ணே, கறுக்குதுண்ணே!" நேரம் தாண்டினால் வாசம் போய்விடும், நிறம்தான் ஏறும். கண் தள்ளு என்கிறது, புழு வேண்டாம் என்கிறது. நான் புழுவை நம்பினேன் மச்சான். கடைசியில் முதலாளியே வந்து சத்தம் போட்டுத் தள்ள வைத்தார். மத்தியானம் வியாபாரி வந்தார், குடித்தார், முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. மாதிரித் தூளைப் பையில் போட்டுக்கொண்டு, "காத்தால போன் பண்றேனுங்க" என்று போய்விட்டார். 

வீட்டுக்கு வந்து தட்டை எடுத்து வைத்தால், பிள்ளை அதில் ஒட்டிய டீயைப் பார்த்து அழுகிறாள். "சிவப்புன்னா வாசல் கெட்டதுங்கப்பா! இதுக வாசனைக்கு எங்க வரும்?" என்கிறாள். எதற்கு எடுத்தேன் என்று கேட்டாள். மூக்கைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

மச்சான், எனக்குப் பயமாக இருக்கிறது. நாளைக் காலையில் பேக்டரிக்குப் பூட்டு விழுந்தால் அத்தனை பேர் வயிற்றிலும் நான்தான் அடித்தவன். மூக்கு இல்லாத டீ மேக்கரை வேறு எவன் சேர்ப்பான்? ஆகையால் தங்கள் மில்லில் எனக்கு ஒரு வாட்ச்மேன் வேலை சொல்லி வையுங்கள், காவலுக்குக் கண் போதும். ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து, பிள்ளையையும் புழுக்களையும் ஒன்று மிச்சமில்லாமல் பெங்களூருக்கு ஏற்றி விடுங்கள். அதுகள் இருக்கிற வீட்டில் எனக்குத் தூக்கம் வராது.

அக்காவுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசி. எல்லோரையும் அந்த மருதமலையான் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
ஆறுக்குட்டி.

பி.கு: வெள்ளி காலை. வியாபாரி போன் செய்துவிட்டார். அவர் தூள் போடுவது பஸ் ஸ்டாண்டு டீக்கடைகளுக்காம். "வாசம் யாருக்குங்க வேணும்? இந்தக் கலரு இந்த மலையிலேயே கெடைக்கலீங்க" என்று மொத்தத்தையும் எடுத்துக்கொண்டார். வாரா வாரம் இதே பக்குவம் வேண்டுமாம். முதலாளி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார், நானும்தான். மருதாம்பாளுக்கு என் மூக்கு விவகாரம் மாசியிலேயே தெரியுமாம், ஊசிப்போன குழம்பை ஊற்றிப் பார்த்தாளாம், நான் இன்னும் கொஞ்சம் கேட்டேனாம். வாட்ச்மேன் வேலையை வேறு யாருக்காவது கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வாருங்கள், ஆனால் புழுக்களை ஏற்றிவிட அல்ல. ஒரு தட்டை இங்கேயே விட்டுவிட்டுப் போகச் சொல்லிப் பிள்ளையிடம் நீங்கள்தான் பேச வேண்டும், என்னோடு அவள் பேசுவதில்லை. சிவப்புத் தட்டாகக் கேளுங்கள் மச்சான். நல்ல புழு வேண்டாம்.